பூனையின் பற்களும் வாய் நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாள் காலை, எங்கள் பூனை படுத்து எழுந்த துணியை உதறியபோது அதிலிருந்து ஒரு பல் விழுந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இராது. வேர்ப்பக்கம் பழுப்பேறி, ஓரத்தில் காய்ந்த இரத்தம் ஒட்டியிருந்தது. கருப்பிக்கு அப்போது 11 வயது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களாக அது உணவுக் கிண்ணத்துக்கு ஓடி வரும், ஒரு வாய் எடுக்கும், சட்டென்று பின்வாங்கிக் கிண்ணத்தையே வெறித்துப் பார்க்கும். உணவு பிடிக்கவில்லை போலும் என்று நான் மூன்று முறை உணவை மாற்றினேனே தவிர, அதன் உதட்டை விலக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதன் பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கொண்டு, பூனை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைக் காலம் தாழ்த்தாமல் கண்டுகொள்ள உதவும்.

பூனைக்கு மொத்தம் எத்தனை பற்கள்?

குட்டிக்கு 26 பால்பற்கள்; வளர்ந்த பூனைக்கு 30 நிலையான பற்கள். மேல் தாடையில் 16, கீழ்த் தாடையில் 14. முன்னால் வரிசையாக இருக்கும் சிறு வெட்டுப்பற்கள் மேலே ஆறு, கீழே ஆறு. அவற்றின் இரு பக்கமும் நீண்டு கூர்ந்திருப்பவை நான்கு கோரைப்பற்கள். அவற்றுக்குப் பின்னால் இருப்பவை முன்கடைவாய்ப் பற்களும் கடைவாய்ப் பற்களும். நம் கடைவாய்ப் பல்லைப் போல அரைப்பதற்கான தட்டையான பரப்பு பூனையின் பல்லில் இல்லை. மேலும் கீழும் உள்ள பற்கள் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசிச் சென்று இறைச்சியைத் துண்டாக்குகின்றன. அந்தத் துண்டைப் பூனை அப்படியே விழுங்கிவிடுகிறது. பல் இழந்த பூனை எப்படிச் சாப்பிடும் என்ற கேள்விக்கான பதிலில் பாதி இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

குட்டியின் பல் ஒன்று தரையில் கிடக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பிறந்து இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கத் தொடங்கும் பால்பற்கள், மூன்று நான்கு மாத வயதிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்து, ஏறத்தாழ ஆறு ஏழு மாதங்களில் நிலையான பற்களுக்கு முழுமையாக இடம் விட்டுவிடும். விழும் பல்லைக் குட்டி பெரும்பாலும் விழுங்கிவிடும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை. இந்தக் காலத்தில் ஈறு சற்றே சிவந்திருப்பதும், குட்டி கண்டதையெல்லாம் கடிப்பதும் இயல்பே.

இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். நிலையான கோரைப்பல் முளைத்த பின்னும் பால்பல் விழாமல் அதன் அருகிலேயே நின்றால், இரண்டுக்கும் இடையில் அழுக்கு தங்கி ஈறு கெடும். புதிய பல்லும் இடம் மாறி முளைக்கும். அந்தப் பால்பல்லை மருத்துவர் எடுத்துவிடுவார். மற்றொன்று, பல் மாறி முடிந்த பிறகும் ஈறு கருஞ்சிவப்பாக வீங்கி, தொட்டால் இரத்தம் வருவது. இது இளம் வயது ஈறு அழற்சியாக இருக்கலாம். சயாமீஸ், அபிசீனியன், மெயின் கூன் போன்ற இனங்களில் இது சற்று அதிகமாகக் காணப்படுகிறது. இந்த வயதிலேயே முறையாகச் சுத்தம் செய்து, நாள்தோறும் பல் துலக்கிவிட்டால் பல பூனைகள் தேறிவிடுகின்றன. "சின்னக் குட்டிதானே" என்று விட்டுவிட்டால் இரண்டு வயதிலேயே பல்லை இழக்கின்றன.

வயதானால் பல் விழுவது இயல்புதானே?

இல்லை. நான் முதலில் சொல்ல விரும்புவதும் இதைத்தான். வயது மட்டுமே எந்தப் பூனையின் பல்லையும் உதிர்ப்பதில்லை. வளர்ந்த பூனையின் பல் தானாக விழுந்தால், அதற்கு முன்பு பல மாதங்களாக, சில வேளை ஆண்டுகளாக, அந்தப் பல்லைத் தாங்கிய எலும்போ பல்லின் வேரோ அழிந்துகொண்டிருந்திருக்கிறது என்றே பொருள். வாய் நோய் வயதான பூனைகளில் மிகப் பரவலாக இருப்பதால், அதை முதுமையின் ஓர் அங்கமாகவே பலரும் எண்ணிவிடுகிறார்கள். 4 வயதைக் கடந்த பூனைகளில் 50 முதல் 90 விழுக்காடு வரை ஏதேனும் ஒரு பல் அல்லது ஈறு நோயால் துன்பப்படுவதாக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூனை நல மையம் கூறுகிறது. பரவலாக இருப்பதாலேயே ஒன்று இயல்பாகிவிடாது.

ஒரு பல் விழுந்துவிட்டதென்றால், விழுந்த அந்தப் பல்லைவிட இன்னும் வாயில் இருக்கும் பற்களைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். கருப்பியின் வாயில் பார்த்தபோது, விழுந்த பல்லுக்கு இரு பக்கமும் இருந்த பற்கள் வேர் பாதி வெளியே தெரிய, ஆடிக்கொண்டிருந்தன. விழுந்துபோன பல்லின் இடம் ஏற்கெனவே ஆறத் தொடங்கியிருந்தது, வலித்தவை மற்றவையே.

பற்காரை எப்படி உண்டாகிறது? அது ஈறை எப்படிக் கெடுக்கிறது?

பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்துக்குள்ளாகவே கிருமிகள் அதன் மேல் வழுவழுப்பான ஒரு படலமாகப் படியத் தொடங்கிவிடுகின்றன. அதைத் தேய்த்து அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள தாது உப்புகள் அதில் சேர்ந்து சில நாட்களிலேயே கெட்டியாகி, மஞ்சளாகவும் பழுப்பாகவும் பல்லில் ஒட்டிக்கொள்ளும். இதுவே பற்காரை. காரை அசிங்கமாகத் தெரிவதால் நம் கண் அதிலேயே நிற்கிறது. ஆனால் உண்மையான கெடுதல் ஈறுக்கு அடியில், பல்லுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட இடுக்கில் நடக்கிறது.

முதற்கட்டத்தில் ஈறின் ஓரத்தில் மட்டும் சிவந்த கோடு ஒன்று தெரியும். இந்த நிலையில் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைக் கடந்து, பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்களும் எலும்பும் அழியத் தொடங்கிவிட்டால், இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மேலும் அழியாமல் தடுக்க மட்டுமே முடியும். அதனால்தான் அந்தச் சிவந்த கோட்டைப் பார்த்தவுடனேயே மருத்துவரிடம் செல்லும்படி வற்புறுத்துகிறேன்.

பூனைக்குச் சொத்தைப் பல் வருமா?

நமக்கு வருவதைப் போன்ற சொத்தை பூனைக்கு வருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. ஆனால் சொத்தை என்று நினைக்கும்படி பல்லில் குழி விழுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது பல் கரைதல் என்னும் வேறொரு நோய். பூனைக்குப் பல் போவதற்கான மிக முக்கியமான காரணங்களில் இது ஒன்று என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பால்பல் விழும் காலத்தில் அதன் வேரைக் கரைப்பதற்கென்று உடலிலேயே சிறப்பு உயிரணுக்கள் உண்டு. அதே வகை உயிரணுக்கள், வளர்ந்த பூனையின் நிலையான பல்லை, காரணம் தெளிவாக விளங்காத வகையில், கரைக்கத் தொடங்குவதே இந்த நோய். கரைதல் வேரில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுவதால், வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கக்கூடும். வெளியில் தெரிவதெல்லாம், ஈறு விளிம்பில் ஒரு சிறு இளஞ்சிவப்புப் புள்ளி, அல்லது பல்லின் மேல் ஏறி வளர்ந்ததைப் போன்ற ஒரு துளி ஈறு. அந்த இடத்தைக் கருவியால் இலேசாகத் தொட்டால், மயக்கத்தில் இருக்கும் பூனைகூடத் தாடையை நடுக்கும். கீழ்த் தாடையில் கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் முன்கடைவாய்ப் பல்லே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகிறது. எனவே உதட்டை விலக்கிப் பார்க்கும்போது முதலில் அங்கே பாருங்கள்.

இதை அடைத்துச் சரிசெய்ய முடியாது. முன்பு அடைத்துப் பார்த்தார்கள். அடைப்புக்கு அடியிலேயே பல் தொடர்ந்து கரைந்தது. எடுப்பது ஒன்றே வழி. எப்படி எடுப்பது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். வேர் வேராகவே இருந்தால் முழுப் பல்லையும் வேரோடு எடுக்க வேண்டும். வேர் கரைந்து தாடை எலும்போடு ஒன்றாகிவிட்டிருந்தால், மேற்பகுதியை மட்டும் அகற்றி ஈறைத் தைத்துவிடலாம். எக்ஸ்ரே எடுக்காமல் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. பல் எக்ஸ்ரே வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

என் பூனை நன்றாகத்தான் சாப்பிடுகிறது. வலி இருந்தால் சாப்பிடுமா?

சாப்பிடும். அழுகிய பற்களோடும், உடைந்த வேர்களோடும், எலும்பு தெரியும் புண்ணோடும் பூனைகள் கிண்ணத்தைக் காலி செய்திருக்கின்றன. பசி வலியைவிட வலிமையானது. அதோடு, பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாத இயல்பு பூனையின் இரத்தத்தில் ஊறியது. அது கத்தாது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காராது, வலியைச் சுமந்துகொண்டே பழக்கத்தை மட்டும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றத்தைக் கவனிப்பவருக்கே வலி தெரியும்.

உணவு உண்ணும்போது அருகில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரே பக்கத்தால் கடிக்கிறதா? வாயில் எடுத்த உணவு கீழே விழுகிறதா? உலர் உணவை ஒதுக்கிவிட்டு மென்மையானதை மட்டும் எடுக்கிறதா, அல்லது கடிக்காமலேயே உலர் உணவை விழுங்கிவிட்டு, சற்று நேரத்தில் முழுசு முழுசாக வாந்தி எடுக்கிறதா? கிண்ணத்தைப் பார்த்துச் சீறுகிறதா? கொட்டாவி விட வாயைத் திறந்து பாதியில் நிறுத்துகிறதா? முன்காலால் வாயோரத்தைத் தட்டிவிடுகிறதா? கீழ்த்தாடை, குளிரில் நடுங்குவதைப் போலக் கிடுகிடுவென்று ஆடுகிறதா? எச்சில் வடிந்து மோவாயின் மயிர் ஒட்டிக்கிடக்கிறதா?

உணவோடு தொடர்பில்லாத அறிகுறிகளும் உண்டு. நாவால் உடலை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொள்வதால் முதுகு மயிர் சிக்குப் பிடித்துப் பொலிவிழக்கும். கன்னத்தைத் தடவினால் விலகிப்போகும். முன்பு மடியில் ஏறிய பூனை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். "வயசாயிடுச்சு, அதான் சோர்ந்து கிடக்கு" என்று சொல்லப்பட்ட எத்தனையோ பூனைகள், கெட்ட பற்களை எடுத்த இரண்டாம் வாரம் மீண்டும் விளையாடத் தொடங்குகின்றன. கருப்பியும் அவற்றில் ஒன்று. அது கயிற்றைத் துரத்தி ஓடியதைப் பார்த்தபோதுதான், எத்தனை காலம் அது வலியோடு இருந்தது என்பது எனக்கு உறைத்தது.

பூனையின் வாய் நாறுவது சாதாரணம் இல்லையா?

சாப்பிட்ட சில நிமிடங்களுக்கு உணவின் மணம் இருக்கலாம். அருகில் வந்து மூச்சுவிட்டாலே முகத்தைத் திருப்ப வைக்கும் நாற்றம் சாதாரணம் அன்று. பெரும்பாலும் அது ஈறு நோயின் நாற்றம். வாயில் எந்தக் குறையும் தெரியாமல், அமோனியா நெடியைப் போல வீசினால் சிறுநீரக நோயையும், அழுகிய பழத்தின் இனிப்பு வாடையைப் போல வீசினால் நீரிழிவு முற்றிய நிலையையும் மருத்துவர் சந்தேகிப்பார். இவ்விரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கோரைப்பல்லின் நுனி மட்டும் உடைந்திருக்கிறது. அப்படியே விடலாமா?

விடக்கூடாது. பூனையின் கோரைப்பல்லில், நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பற்கூழ் ஏறத்தாழ நுனி வரை நீண்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் உடைந்தாலே அது திறந்துவிடும். உடைந்த புதிதில் நுனியில் சிவப்புப் புள்ளியும், நாள்பட்ட பின் கருப்புப் புள்ளியும் தெரியும். கருப்பாகிவிட்டால் வலி போய்விட்டது என்று பொருளில்லை. கூழ் செத்து, கிருமிகள் வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. சில மாதங்கள் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கிச் சீழ் வடியும்போது, கண்ணில் ஏதோ குத்திவிட்டது என்று நினைத்துக் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ரூட் கெனால் செய்து பல்லைக் காப்பாற்றலாம், அல்லது எடுத்துவிடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் பூனை நலமாக இருக்கும். எதையும் செய்யாமல் இருப்பதுதான் தவறு.

தொண்டை வரை வாய் முழுவதும் சிவந்து புண்ணாகியிருக்கிறது. இது என்ன?

பல்லைச் சுற்றி மட்டுமன்றி, வாயின் பின்பகுதியில், மேல் கீழ்த் தாடைகள் சேரும் மூலையிலும் சதை சிவந்து பொங்கியிருந்தால், அது நாட்பட்ட வாய் அழற்சியாக இருக்கக்கூடும். பூனை நோய்களில் மிகக் கொடுமையான வலியைத் தருபவற்றுள் இதைச் சேர்க்கலாம். பூனைக்குப் பசிக்கும், கிண்ணத்துக்கு வரும், உணவு வாயில் பட்டதும் அலறிக்கொண்டு ஓடும். எச்சிலில் இரத்தம் கலந்திருக்கும். உடல் எலும்பும் தோலுமாகும்.

பற்களின் மேலுள்ள கிருமிப் படலத்துக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அளவு மீறிச் சீறுவதே இதன் அடிப்படை என்று கருதப்படுகிறது. பூனைகளுக்குச் சளியையும் வாய்ப்புண்ணையும் உண்டாக்கும் பூனைக் கலிசி வைரஸுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு காணப்படுகிறது. பூனைகளின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் எஃப்.ஐ.வி., இரத்தப் புற்றை உண்டாக்கும் எஃப்.இ.எல்.வி. ஆகிய வைரஸ்களுக்கும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள். பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் இது அதிகம்.

ஸ்டீராய்டு ஊசி போட்டதும் பூனை இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிடும். பின் மீண்டும் பழைய நிலை. அடுத்த ஊசிக்குக் கிடைக்கும் நிம்மதி இன்னும் குறுகும். நெடுநாள் கொடுத்தால் நீரிழிவு வரும் அபாயமும் உண்டு. இன்றைய நிலையில் மிக நல்ல பலன் தரும் சிகிச்சை, கோரைப்பற்களுக்குப் பின்னால் உள்ள பற்கள் அனைத்தையுமோ, தேவைப்பட்டால் எல்லாப் பற்களையுமோ, வேர்த்துண்டு ஒன்றுகூட மிஞ்சாமல் எடுத்துவிடுவதாகும். இவ்வாறு செய்த பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழுமையாகக் குணமடைகின்றன, அல்லது மிகுந்த முன்னேற்றம் காண்கின்றன. எஞ்சியவற்றுக்கு மருந்து தொடர வேண்டியிருக்கும். எல்லாப் பல்லையும் எடுப்பதா என்று மனம் பதறுவது எனக்குப் புரிகிறது. இருந்தாலும், ஊசிகளிலேயே ஓரிரு ஆண்டுகளைக் கழித்துவிட்டுக் கடைசியில் எடுப்பதைவிட, நோய் தொடங்கிய காலத்திலேயே எடுப்பது மேல் என்பதே என் உறுதியான கருத்து.

பல் ஆடுகிறது. வீட்டிலேயே பிடுங்கிவிடலாமா?

கூடாது. வேர் உடைந்து உள்ளே தங்கும். நோயுற்ற கீழ்த் தாடை எலும்பு மெலிந்திருந்தால் முறியவும் கூடும். வலியில் பூனை கடித்த கடி உங்கள் கைக்குள் கிருமியைச் செலுத்தும்.

வலிக்கு நம் மாத்திரையைச் சிறிதளவு கொடுக்கலாமா?

ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, ஈறு பழுப்பாக மாறி, முகம் வீங்கும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவையும் ஆபத்தானவை. பல்வலிக்கு நாம் தடவும் கிராம்பு எண்ணெயும் பூனைக்கு நஞ்சு. தவறிக் கொடுத்துவிட்டிருந்தால், அறிகுறி தெரியும் வரை காத்திராமல் அந்த நேரத்திலேயே மருத்துவரிடம் ஓடுங்கள். பூனைக்கென்று வலி நிவாரணிகள் இருக்கின்றன. அவற்றின் அளவை எடை பார்த்து மருத்துவரே குறிக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் போதாதா?

போதாது. மருந்து உள்ளவரை வீக்கமும் நாற்றமும் குறையும். கெட்ட பல்லும் காரையும் அங்கேயே இருப்பதால், மருந்து முடிந்ததும் எல்லாம் திரும்பும்.

மயக்க மருந்து இல்லாமல் பல்லைச் சுத்தம் செய்ய முடியாதா? வயதான பூனைக்கு மயக்கம் ஆபத்தல்லவா?

விழித்திருக்கும் பூனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுரண்டினால், வெளியே தெரியும் காரை உதிரும். பல் வெண்மையாகத் தெரியும். வளர்ப்பவர் மனநிறைவோடு வீடு திரும்புவார். ஈறுக்கு அடியில் இருக்கும் நோய் அப்படியே இருக்கும். பல்லின் உட்பக்கத்தைத் தொடவோ, எக்ஸ்ரே எடுக்கவோ, இடுக்கின் ஆழத்தை அளக்கவோ முடியாது. கூரிய கருவி நழுவினால் நாக்கும் ஈறும் கிழியும். எனவே மயக்கமில்லாத சுத்தம் என்பது வெறும் ஒப்பனை. நோயை மறைத்துவிடுவதால் ஒப்பனையைவிடக் கெடுதலானது.

மயக்க மருந்தில் ஆபத்து அறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆபத்தைக் குறைக்க வழிகள் உள்ளன. அவை செய்யப்படுகின்றனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மயக்கத்துக்கு முன் சிறுநீரகம், கல்லீரல், வயதான பூனையாயின் தைராய்டு ஆகியவற்றைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டும். தெளிக்கும் நீரும் உதிரும் காரையும் நுரையீரலுக்குள் போகாமல் அதுவே காக்கிறது. உடல் வெப்பம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தாடையில் போட்டால் மயக்க மருந்தின் அளவைக் குறைக்கலாம். எழுந்த பின் வலியும் குறையும். வாயை விரித்துப் பிடிக்கும் சுருள்வில் கருவியை அதிக நேரம் அகலத் திறந்து வைத்தால், மூளைக்கும் கண்ணுக்கும் செல்லும் இரத்த ஓட்டம் பூனைகளில் தடைபட்டுப் பார்வையே போகக்கூடும் என்பதும் அறியப்பட்ட ஒன்று. அதைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம். வயது ஒரு நோயன்று. 14, 15 வயதுப் பூனைகளும் தக்க கவனிப்போடு இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்து நலமாக இருக்கின்றன.

பல் இல்லாத பூனை எப்படிச் சாப்பிடும்?

நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே சாப்பிடும். பூனை நம்மைப் போல அரைத்து உண்பதில்லை என்று முன்பே சொன்னேன். அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் நிறைந்திருக்கின்றன. அவை உணவை வாரி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈறு ஆறும் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு, குழைவான உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் மணம் எழுந்து பூனை விரும்பி உண்ணும். அதன் பிறகு பல பூனைகள் உலர் உணவுக்கே திரும்பி அதை முழுதாக விழுங்கிக்கொள்கின்றன.

அந்த நாட்களில் ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகக் கவனியுங்கள். பூனை ஒரு நாள் முழுவதும் எதையும் உண்ணாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகப் பருத்த பூனைகளில், உடல் கொழுப்பு கல்லீரலில் சென்று குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். "பசித்தால் தானே சாப்பிடும்" என்பது பூனையிடம் செல்லாது.

பூனைக்குப் பல் துலக்க முடியுமா?

முடியும். காரை படிவதைத் தடுக்க இதற்கு நிகரான வழி வேறில்லை. ஆனால் ஒரே நாளில் முடியாது; மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பூனை தூக்கக் கலக்கத்தில் இருக்கும் வேளையில் கன்னத்தைத் தடவுவதிலிருந்து தொடங்குங்கள். சில நாள் கழித்துத் தடவும் விரலால் உதட்டை ஒரு நொடி விலக்கிவிட்டு, பிடித்த உணவில் ஒரு துணுக்கைக் கொடுங்கள். பின்னர் பூனைக்கென்று விற்கும் பற்பசையை விரல் நுனியில் வைத்து நக்கக் கொடுங்கள். அது சுவைக்குப் பழகிய பிறகு, விரலில் மெல்லிய துணியைச் சுற்றி அந்தப் பசையால் கோரைப்பல்லை மட்டும் இரண்டு முறை தேயுங்கள். அடுத்த வாரம் கடைவாய்ப் பக்கம் செல்லுங்கள். அதன் பிறகே தூரிகை. தலை சிறிதாகவும் குச்சங்கள் மிக மென்மையாகவும் இருக்க வேண்டும்.

பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் துலக்கினால் போதும். உட்பக்கத்தை நாக்கே பார்த்துக்கொள்ளும். தூரிகையை ஈறின் விளிம்பை நோக்கிச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதுமானது. நாள்தோறும் செய்வதே சிறப்பு. நம் பற்பசையைப் பயன்படுத்தாதீர்கள். பூனை துப்பாது, விழுங்கிவிடும். அதிலுள்ள ஃபுளோரைடும் நுரைக்கும் பொருள்களும் அதற்கு ஆகாதவை. பூனை எழுந்து போனால் போக விடுங்கள். பிடித்து அமுக்கினால் அடுத்த நாள் உங்கள் கையைக் கண்டதுமே ஓடும்.

ஏற்கெனவே ஈறு சிவந்தும் வலித்தும் இருக்கும் பூனைக்கு இதைத் தொடங்க வேண்டாம். முதலில் சிகிச்சை, ஆறிய பின் துலக்கல். வலிக்கும் பல்லைத் தேய்த்தால், பல் துலக்குவது என்றாலே வலி என்று பூனை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

உலர் உணவு பல்லைச் சுத்தமாக்கும் என்கிறார்களே?

சாதாரண உலர் உணவு பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடுவதால் ஈறின் அருகே அது உரசுவதே இல்லை. பல் நலத்துக்கென்று செய்யப்படும் சிறப்பு உணவு வேறு. அதன் துண்டுகள் பெரிதாகவும் நார் செறிந்தும் இருப்பதால் பல் உள்ளே இறங்கிய பிறகே அவை உடையும். இத்தகைய உணவுகளையும் தின்பண்டங்களையும் சோதனை முடிவுகளைப் பார்த்து ஏற்கும் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் உள்ளது, வி.ஓ.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பின் முத்திரை உறையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. வேகவைத்த எலும்பைக் கொடுக்காதீர்கள், அது கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும், பல்லையும் உடைக்கும்.

எந்த நிலையில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

வாயை மூடவோ திறக்கவோ முடியாதபோதும், வாயிலிருந்து இரத்தம் நிற்காமல் வடியும்போதும், முகம் வீங்கி எழும்போதும் உடனே செல்லுங்கள். திடீரென்று எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவித்தால் நாக்கின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பூனை விழுங்கிய நூல் அங்கே சுற்றிக்கொண்டு அதன் மறுமுனை குடல் வரை சென்றிருக்கக்கூடும். அந்த நூலை நீங்கள் இழுத்துவிடக் கூடாது; குடல் அறுபடும்.

வயதான பூனையில் ஒரே இடத்தில் பல் ஆடி, அதைச் சுற்றித் தாடை தடித்து, பல் எடுத்த பின்னும் புண் ஆறாமல் இருந்தால், வாய்ப் புற்றுநோயா என்று அறியத் திசுப் பரிசோதனை செய்ய வேண்டும். இது விரைந்து வளரும் நோய். தொடக்கத்தில் கண்டால் மட்டுமே செய்வதற்கு ஏதேனும் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறையும், 10 வயதுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் வாயைக் காட்டிவிடும்படி சொல்வதில் இதுவும் ஒரு காரணம்.

கோரைப்பல் எடுத்த பிறகு நாக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சரியாகுமா?

கீழ்க் கோரைப்பற்கள் நாக்கை உள்ளே நிறுத்தும் வேலிபோல இருந்தவை. அவை போனதும் சில பூனைகளுக்கு நாக்கு சற்று நழுவித் தெரியும். அதனால் துன்பம் எதுவும் இல்லை, அப்படியே இருந்துவிடும். மேல் கோரைப்பல் மட்டும் எடுக்கப்பட்டிருந்தால் கவனிக்க வேண்டியது வேறு: அந்தப் பக்கத்து மேலுதடு உள்வாங்கி, கீழ்க் கோரைப்பல்லின் நுனி அதில் குத்தக்கூடும். முதல் சில வாரங்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மேலுதட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தடமோ புண்ணோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கீழ்ப்பல்லின் நுனியை முறையாக மழுக்கி மூடுவதா, எடுப்பதா என்று அவர் முடிவு செய்வார். கருப்பிக்கு இடது மேலுதட்டில் ஒரு சிவந்த புள்ளி வந்து பத்து நாளில் தானாகவே தடித்து ஆறிவிட்டது.